எழுதுகோலும் ஒலிவாங்கியும் யார் கையில்?

(கட்சி உறுப்பினர்களுக்கான பண்பாட்டு வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் விவசாயிகளின் கடன் சுமையையும் விவாதிக்கும் வகுப்பில், நாவல் எழுதித் தாமே வெளியிடுவோரைப் பற்றியும், ஒற்றை ஒலிவாங்கியுடன் மேடையில் நின்று சிரிக்க வைப்போரைப் பற்றியும் பேசுவது எதற்காக என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. படித்த இளைஞர்களுக்கு நிரந்தர வேலை அரிதாகிவிட்ட நாட்டில், எழுத்தையும் நகைச்சுவையையும் பொழுதுபோக்காக அன்றிப் பிழைப்பாகவே தேர்ந்தெடுக்கும் தலைமுறை ஒன்று உருவாகியுள்ளது. மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற பெருநகரங்களில் மட்டுமல்ல. இந்தூரிலும் ராய்ப்பூரிலும் பஸ்தரிலும் அத்தலைமுறை இருக்கிறது. கட்சித் தோழர்களின் வீடுகளிலும் இருக்கிறது.

அந்த இளைஞர்களுக்கு இரண்டு பதில்கள் வழக்கமாகக் கிடைக்கின்றன. ‘உருப்படியான வேலை ஏதாவது பார்’ என்பது வீட்டின் பதில். ‘திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது, இனி நீயே உனக்கு முதலாளி’ என்பது சந்தையின் பதில். முதல் பதில் அவர்களின் உழைப்பை உழைப்பாகவே மதிப்பதில்லை. இரண்டாவது பதில் மதிப்பதுபோல் நடித்து, அந்த உழைப்பின் விலையை மறைக்கிறது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது பதில் ஒன்றை இடதுசாரி இயக்கம் தர முடியுமா என்பதே இவ்வுரையின் கேள்வி.

மார்க்சின் பட்டுப்புழு

உபரி மதிப்புத் தத்துவங்களை ஆராயும் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ், ஆங்கிலக் கவிஞர் மில்டனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ‘இழந்த சொர்க்கம்’ காவியத்துக்கு மில்டன் பெற்றது ஐந்து பவுன். பட்டுப்புழு பட்டு நூற்பதைப் போல, அது தம் இயல்பு என்பதால் அவர் எழுதினார். எழுதிய பிறகே விற்றார். பதிப்பாளரின் ஏவலின்படி புத்தகங்களை உற்பத்தி செய்து தரும் லைப்சிக் நகரத்து எழுத்துப் பாட்டாளியின் நிலை வேறு. அவருடைய உழைப்பு தொடக்கம் முதலே மூலதனத்துக்குக் கீழ்ப்பட்டது. பாடகிக்கும் மார்க்ஸ் இதே அளவுகோலைப் பொருத்துகிறார். தன் பாட்டைத் தானே விற்பவர் ஒரு வகை. தொழில்முனைவர் ஒருவருக்குப் பணம் ஈட்டித் தருவதற்காகப் பாடுபவர் மற்றொரு வகை. பாட்டு ஒன்றே, அதைச் சூழ்ந்த உற்பத்தி உறவு வேறு.

இந்த வேறுபாடு இன்றைய நிலையைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாகிறது. தாமே வெளியிடும் எழுத்தாளரும் தனித்து நிற்கும் நகைச்சுவையாளரும் பார்வைக்கு மில்டனைப் போல் தோன்றுகிறார்கள். அவர்களுக்கு மேலதிகாரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, சம்பள நாள் இல்லை. ஆனால் அவர்களின் வருமானம் வந்துசேரும் வழியைப் பின்தொடர்ந்து சென்றால், அவர்கள் நிற்கும் இடம் லைப்சிக் தொழிலாளியின் இடத்துக்கு அருகில்தான் என்பது விளங்கும்.

மூடிய கதவுகள்

சுயவெளியீடு புதிய வழக்கம் அன்று. ஹிந்தியின் மாபெரும் நாவலாசிரியர் பிரேம்சந்த் 1923இல் பனாரசில் சரஸ்வதி அச்சகத்தைத் தொடங்கினார். 1930இல் ‘ஹன்ஸ்’ இதழை நடத்தத் தொடங்கினார். அச்சகமும் இதழும் அவரைக் கடனில் ஆழ்த்தின. ஆங்கிலேய அரசு ஜாமீன் தொகை கேட்டு இதழை நெருக்கியது. கடனைத் தீர்க்கவே 1934இல் அவர் பம்பாய்த் திரைப்பட நிறுவனம் ஒன்றுக்குக் கதை எழுதப் போனார். அங்கே அவர் எழுதிய ‘மஸ்தூர்’, அதாவது ‘தொழிலாளி’ என்ற படம் தணிக்கையில் சிக்கித் தடைக்குள்ளானது. மறு ஆண்டே அவர் பனாரஸ் திரும்பினார். 1936 ஏப்ரலில் லக்னோவில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இந்தக் கடனாளிப் பதிப்பாளர்தான்.

மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீர் தம் நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்றார். எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தினார். தில்லித் தோழர்கள் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்திலிருந்து 1975இல் தில்லிக்கு வந்து கட்டுமானக் கூலியாக வேலை செய்தவர் லட்சுமண் ராவ். பின்னர் ஐ.டி.ஓ. பகுதியில் ஹிந்தி பவன் அருகே நடைபாதையில் தேநீர் விற்றார். நாவலுடன் சென்றவரைப் பதிப்பாளர் அவமதித்து அனுப்பியதால், 1979இல் தம் முதல் நூலைத் தாமே அச்சிட்டார். அதன் பின் இருபதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதி வெளியிட்டார். மிதிவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று நூலகங்களுக்கு விற்றார்.

ஆகவே சுயவெளியீட்டைத் தற்பெருமையின் வெளிப்பாடு என்று ஒதுக்குவது தவறு. சாதியாலும் வர்க்கத்தாலும் பாலினத்தாலும் மொழியாலும் மூடப்பட்ட கதவுகளின் முன் நின்றவர்கள் கண்டுபிடித்த வழி அது. கதவுக்கு உள்ளே இருந்தவர்களின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. ஞானபீட விருது பெற்ற ராய்ப்பூரின் வினோத் குமார் சுக்லா, தமக்கு ராயல்டி முறையாக வந்து சேரவில்லை என்று 2022இல் வெளிப்படையாக வருந்தினார். 2025இல் மற்றொரு பதிப்பகம் அவருடைய ஒரே நாவலின் ஆறு மாத விற்பனைக்காக 30 லட்சம் ரூபாய் ராயல்டி வழங்கியது. வாசகர் இல்லை என்ற பழைய சாக்கு எவ்வளவு பொய்யானது என்பதை அந்த ஒரு காசோலை காட்டிவிட்டது.

கதவைத் திறந்தவர் யார்?

இத்தகைய நிலையில்தான் செயலி நிறுவனங்கள் வந்தன. அமேசானின் கிண்டில் சுயவெளியீட்டுத் தளம் 2012இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. 2016 டிசம்பரில் ஹிந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளுக்கு வழிதிறந்தது. பெங்களூருவில் 2014இல் தொடங்கிய பிரதிலிபி, இந்திய மொழிகளில் தொடர்கதை எழுதுவோருக்கும் படிப்போருக்கும் பெரும் சந்தையாக வளர்ந்தது. அடுப்படி வேலைக்கும் குழந்தை தூங்கும் நேரத்துக்கும் இடையே கைப்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக நாவல் எழுதும் பெண்கள் பலர் உருவாயினர். எந்தப் பதிப்பகத்தின் படியையும் ஏறியிராத பெண்கள் அவர்கள். இது உண்மையான முன்னேற்றம்; குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் கதவைத் திறந்தவர் சாவியைத் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். அமேசானில் 70 சதவீத ராயல்டி என்று விளம்பரம் சொல்கிறது. இந்திய விற்பனையில் அந்த விகிதம் வேண்டுமானால், நூலின் மின்வடிவத்தை வேறெங்கும் விற்பதில்லை என்ற 90 நாள் ஒப்பந்தத் திட்டத்தில் சேர வேண்டும். இல்லையேல் 35 சதவீதம்தான். சந்தா கட்டிப் படிக்கும் வாசகர்களிடமிருந்து வரும் வருமானத்துக்கோ விகிதமே கிடையாது. 2015 ஜூலை முதல், படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே பணம். மாதந்தோறும் நிறுவனம் ஒரு நிதியை ஒதுக்கும். படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையே பங்கீட்டின் அடிப்படை. இந்த மாதம் எழுதியதற்கு என்ன கூலி என்பது மாதம் முடிந்த பிறகே எழுத்தாளருக்குத் தெரியும். நிதியின் அளவை முடிவு செய்வதில் அவருக்குக் குரல் இல்லை.

ஆலைத் தோழர்கள் இதன் பெயரை நன்கறிவார்கள். பீஸ் ரேட் எனப்படும் உருப்படிக் கூலிதான் இது. தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்வதால் மேற்பார்வையாளர் தேவைப்படாத கூலிமுறை இது என்று ‘மூலதனம்’ முதல் தொகுதி விளக்குகிறது. சுதந்திர உணர்வையும் சக தொழிலாளியோடு போட்டியையும் இம்முறை ஒருசேர வளர்க்கிறது என்றும் அங்கே மார்க்ஸ் சுட்டுகிறார். நள்ளிரவில் அடுத்த அத்தியாயத்தை முடித்தே தீரவேண்டும் என்று விழித்திருக்கும் தொடர்கதை எழுத்தாளருக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் கிடைக்காது. இப்போது அவருடன் போட்டியிட இயந்திரமும் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட நூல்கள் குவிந்ததன் பின்னணியில், ஒருவர் ஒரு நாளில் புதிதாக மூன்று நூல்களுக்கு மேல் பதிவேற்றக்கூடாது என்று 2023 செப்டம்பரில் அமேசான் வரம்பு விதித்தது. நாளொன்றுக்கு மூன்று நூல் என்பது கட்டுப்பாடாகக் கருதப்படும் காலம் இது!

சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்குச் சான்று வெஸ்ட்லாண்ட் பதிப்பகத்தின் கதை. வங்கித் துறையில் பணியாற்றிவந்த அமீஷ் திரிபாதி, பல பதிப்பகங்கள் மறுத்த தம் முதல் நாவலை 2010இல் சொந்த முயற்சியில் கொண்டுவந்தார். அது பெருவெற்றி பெறவே, டாடா குழுமத்தைச் சேர்ந்த வெஸ்ட்லாண்ட் அதை ஏற்றது. சுயவெளியீட்டின் வெற்றிக்கதையாக இதுவே எங்கும் சொல்லப்படுகிறது. நல்ல சம்பளமும் சேமிப்பும் உள்ளவருக்குத் தோல்வியைத் தாங்கும் வலு இருந்தது என்பது அக்கதையில் சொல்லப்படுவதில்லை. 2016இல் அந்தப் பதிப்பகத்தை அமேசான் வாங்கியது. 2022 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான எழுத்தாளர்கள் தம் நூல்களின் எதிர்காலம் தெரியாமல் நின்றனர். அரசின் தடையாணை ஏதும் இல்லை. நீதிமன்ற உத்தரவும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டது, அவ்வளவே. சில வாரங்களில் அக்குழுவினரைப் பிரதிலிபி ஏற்றுக்கொண்டது. அந்நிறுவனமோ சீனத்தின் டென்சென்ட், தென்கொரியாவின் கிராஃப்டன் ஆகிய பெருநிறுவனங்களின் முதலீட்டில் வளர்ந்தது. ஒரு நாவலின் உயிர் எத்தனை நாடுகளின் பங்குதாரர்கள் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலை நிலத்தில் எழுந்த சிரிப்பு

நாவலுக்கு நேர்ந்ததே மேடைச் சிரிப்புக்கும் நேர்ந்தது. ஸ்டாண்ட்-அப் காமெடி மேல்நாட்டிலிருந்து வந்த மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று பல தோழர்கள் எண்ணுகிறார்கள். இந்தியாவில் இந்தக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜானி லீவரின் வாழ்க்கை வேறு விதமாகச் சொல்கிறது. ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து மும்பையின் தாராவிப் பகுதியில் வளர்ந்தவர் அவர். வறுமையால் படிப்பை நிறுத்தி, நடிகர்களைப் போல் பேசிக் காட்டித் தெருவில் பேனா விற்றார். பிறகு தந்தை பணியாற்றிய ஹிந்துஸ்தான் லீவர் ஆலையில் தொழிலாளியானார். அங்கே மேலதிகாரிகளைப் போல் நடித்துக் காட்டிச் சக தொழிலாளர்களைச் சிரிக்க வைத்தார். ஆலையின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. முதலாளியைப் பார்த்துத் தொழிலாளர்கள் ஒன்றாகச் சிரித்த சிரிப்பில் பிறந்த கலை இது.

மும்பையின் ஆலைப் பகுதியான கிரண்காவில் இந்த மரபு இன்னும் ஆழமானது. தமாஷாவும் லாவணியும் ஆலைத் தொழிலாளர்களின் இரவுக் கலைகளாக இருந்தன. அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோர் 1944இல் உருவாக்கிய ‘லால் பாவ்டா கலாபதக்’, அதாவது செங்கொடிக் கலைக்குழு, அந்தத் தமாஷா வடிவத்தையே அரசியல் நையாண்டியாக மாற்றியது. தீண்டாமைக்குள்ளான மாங் சமூகத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பை ஏறத்தாழ அறியாமலே ஆலையில் உழைத்த அண்ணாபாவ் சாத்தே, காட்கோபரின் குடிசைப் பகுதியில் வாழ்ந்தபடி நாவல்களும் எழுதினார். நாவலும் மேடை நகைச்சுவையும் ஒரே மனிதரிடம், ஒரே இயக்கத்தின் மடியில் வளர்ந்தன.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் பங்கேற்றனர். அதன் தோல்விக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. நிலம் வணிக வளாகங்களானது. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் எழுந்த வணிக வளாகத்தில்தான், லண்டனின் ‘காமெடி ஸ்டோர்’ 2010இல் தன் மும்பைக் கிளையைத் திறந்தது. தமாஷா கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் சிரிப்பதற்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அந்த மேடையில் ஏறும் இளைஞரின் உழைப்பு எத்தகையது? பகல் வேலை முடித்து, ‘ஓப்பன் மைக்’ எனப்படும் பயிற்சி மேடையில் ஐந்து நிமிடம் பேசுவதற்கு இரவு பத்து மணி வரை காத்திருக்க வேண்டும். அதற்குக் கூலி இல்லை. சில இடங்களில் பேசுபவரே கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியை உருவாக்க ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். யூடியூபில் ஏறிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் செலவாகிவிட்டது. அடுத்ததை முதலிலிருந்து தொடங்க வேண்டும். உண்மையான வருமானம் பெருநிறுவனங்களின் ஆண்டு விழாக்களில் கிடைக்கிறது. அங்கே அரசியல் பேசக்கூடாது என்பது சொல்லப்படும் முதல் நிபந்தனை. யாரும் தணிக்கை செய்யாமலே கலைஞர் தம் நாக்கைத் தாமே சுருக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

சிரிப்புக்கு அஞ்சும் அதிகாரம்

சந்தை செய்யாமல் விட்டதை அரசும் வன்முறைக் கும்பல்களும் செய்து முடிக்கின்றன. வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி அவருக்கு விருந்தோம்பிய கல்கத்தாப் பிரமுகரைக் கேலி செய்து நாடகம் நடத்தப்பட்டதால், 1876இல் நாடக நிகழ்ச்சிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அச்சட்டம் 2018இல்தான் மத்திய சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. அதன் மனநிலை நீங்கவில்லை.

1989 ஜனவரி 1 அன்று, தில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ வீதி நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தோழர் சஃப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டார், மறுநாள் உயிர்நீத்தார். தொழிலாளி ராம் பகதூரும் கொல்லப்பட்டார். சரியாக 32 ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரி 1 அன்று, இந்தூரின் உணவகம் ஒன்றில் முனாவர் ஃபரூக்கி கைது செய்யப்பட்டார். 2002 குஜராத் வன்முறையில் வீட்டை இழந்து மும்பை வந்து பாத்திரக் கடையில் வேலை செய்தவர் அவர். சொல்லாத நகைச்சுவைக்காக ஒருவர் சிறையில் இருக்கிறார் என்று நாடே பேசிய வழக்கு அது. மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் பிணை மறுத்தது. ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தபின் பிப்ரவரி 5 அன்று உச்சநீதிமன்றம் பிணை வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரு நிகழ்ச்சியும் காவல்துறையின் தலையீட்டால் ரத்தானது. இரண்டு மாதங்களில் ரத்தான பன்னிரண்டாவது நிகழ்ச்சி அது.

இரு நாட்களுக்கும் இடையிலான வேறுபாட்டையும் நோக்க வேண்டும். ஹஷ்மி கொல்லப்பட்ட மூன்றாம் நாள், ஜனவரி 4 அன்று, மலயஸ்ரீ ஹஷ்மியும் ஜன நாட்டிய மஞ்ச் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று நாடகத்தை நடத்தி முடித்தனர். பல்லாயிரம் பேர் திரண்டனர். அங்கே குழு இருந்தது, சங்கம் இருந்தது, கட்சி இருந்தது. இந்தூரில் தனிமனிதர் இருந்தார். அவருக்குப் பின்னால் பார்வையாளர்கள் இருந்தார்களே அன்றி அமைப்பு இல்லை. முனாவரைப் பிறகு தொலைக்காட்சிப் போட்டிகள் ஏற்றுக்கொண்டு வெற்றியாளராக்கின. அவருடன் கைதான, பெயர் பரவாத இளைஞர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒருவர் தினக்கூலி வேலைக்குத் திரும்ப நேர்ந்தது என்று நாளேடுகள் எழுதின.

குணால் காம்ராவின் வழக்கு மற்றொரு பாடம் தருகிறது. 2025 மார்ச்சில் மகாராஷ்டிரத் துணை முதல்வரைப் பற்றிய கேலிப்பாட்டுக்காக, அவர் நிகழ்ச்சி நடத்திய மும்பை கார் பகுதியின் ‘ஹேபிடாட்’ அரங்கை சிவசேனாவின் ஷிண்டே பிரிவினர் அடித்து நொறுக்கினர். மறுநாளே மாநகராட்சி ஊழியர்கள் சுத்தியலோடு வந்து அதே அரங்கின் பகுதியை இடித்தனர். இரவில் கும்பல், பகலில் மாநகராட்சி! விழுப்புரம் மாவட்டத்தில் வசித்துவரும் காம்ராவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் மார்ச் 28 அன்று இடைக்கால முன்பிணை அளித்தது. சட்டத்தின் வழி ஓரளவு திறந்தது. ஆனால் ஏப்ரலில், நுழைவுச்சீட்டு விற்கும் புக்மைஷோ தளத்திலிருந்து அவருடைய பெயரும் நிகழ்ச்சிகளும் நீக்கப்பட்டன. பெயரை நீக்குவதானால், இத்தனை ஆண்டுகள் தம் நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களின் தொடர்பு விவரங்களையாவது தருமாறு காம்ரா அந்நிறுவனத்திடம் வெளிப்படையாகக் கேட்டார்.

இவ்வுரையில் நினைவில் கொள்ள வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டென்றால் அது இதுதான். கலைஞருக்கும் அவருடைய ரசிகருக்கும் இடையிலான உறவு யாருக்குச் சொந்தம்? எழுத்தாளர் தம் வாசகரின் பெயரை அறியார். நகைச்சுவையாளர் தம் பார்வையாளரின் முகவரியை அறியார். நிறுவனம் அறியும். ஆலையில் தறி முதலாளிக்குச் சொந்தமாக இருந்தது. இங்கே எழுதுகோலும் ஒலிவாங்கியும் கலைஞரின் கையில்தான் இருக்கின்றன. கேட்கும் செவிகளின் பட்டியல் முதலாளியிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலே இன்றைய உற்பத்திச் சாதனம்.

பன்னிரண்டு எழுத்தாளர்கள், நூற்றிருபது ரூபாய்

வழி உண்டா? வரலாற்றில் உண்டு. 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் கூடி 120 ரூபாய் மூலதனத்தில் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். எம்.பி. பால் தலைவர்; காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளர். தகழியின் சிறுகதைகள் முதல் நூலாக வந்தன. 30 சதவீத ராயல்டி என்ற, அன்றைக்கு எண்ணிப் பார்க்க முடியாத பங்கை எழுத்தாளருக்கு அது அளித்தது. 1949இல் நேஷனல் புக் ஸ்டாலையும் ஏற்று, விற்பனையையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. தாமே வெளியிடுதல் என்பதில் உள்ள ‘தாம்’ என்ற சொல்லை ஒருமையிலிருந்து பன்மைக்கு மாற்றியதே அந்தப் பன்னிரண்டு பேரின் சாதனை.

அச்சங்கம் பின்னாளில் தளர்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் விற்பனையை வளர்த்த டி.சி. கிழக்கேமுறி விலகி 1974இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். சங்கம் பழைய முதன்மையை இழந்தது. கூட்டுறவு என்ற பெயர் மட்டுமே எதையும் காப்பாற்றாது. விற்பனைத் திறனும் உறுப்பினர்களின் விழிப்பும் தேவை. ஆயினும் தனி எழுத்தாளர் எவரும் பெற்றிராத பேரவலுவை முப்பது ஆண்டுகள் அது பெற்றுத் தந்தது.

திரைத்துறையும் இதையே காட்டுகிறது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தம் ராயல்டி உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டிய நிலை இருந்தது. அவர்கள் ஒன்றுபட்டு வாதாடியதால், 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், எழுதிக் கொடுத்தாலும் பறிபோகாத உரிமையாக அதை மாற்றியது. சுயவெளியீட்டு நாவலாசிரியருக்கும் மேடை நகைச்சுவையாளருக்கும் அப்படிப்பட்ட பேர ஆற்றல் இன்னும் உருவாகவில்லை.

கட்சியின் முன்னுள்ள பணிகள்

தோழர்களே, இதிலிருந்து சில திட்டவட்டமான பணிகள் எழுகின்றன.

முதலாவது, சட்டம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு உள்ளிட்ட நான்கு தொகுப்புகளும் தொழிலாளர் உரிமைகளை வெட்டுபவை. அவற்றுக்கு எதிரான போராட்டம் தொடர்கிறது. ஆயினும் அத்தொகுப்பின் ஏழாவது அட்டவணையே, வாடகை வாகனம், உணவு விநியோகம் ஆகியவற்றோடு உள்ளடக்க, ஊடகச் சேவைகளையும் செயலி நிறுவனங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. 2023இன் ராஜஸ்தான் சட்டமும் 2025இன் கர்நாடகச் சட்டமும் அவ்வாறே சேர்த்துள்ளன. ஆகவே செயலி வழியே கதை எழுதிப் பிழைப்பவர்களையும் செயலித் தொழிலாளராகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கங்கள் எழுப்ப இடமிருக்கிறது. கூலி விகிதத்தை முன்கூட்டியே அறிவித்தல், காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கத் தடை, வாசகர், பார்வையாளர் தாமாக இசைந்தால் தொடர்பு விவரங்களைக் கலைஞருக்கு வழங்குதல் ஆகியவை அதன் உடனடி முழக்கங்களாக வேண்டும்.

இரண்டாவது, மேடை. பஸ்தரிலிருந்து வந்த மஞ்சீத் சர்க்கார் உள்ளிட்ட தலித் நகைச்சுவையாளர்கள் ‘ப்ளூ மெட்டீரியல்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து மேடையேறுகிறார்கள். சாதியை மேட்டுக்குடி அரங்குகளுக்குள்ளேயே கேள்வி கேட்கிறார்கள். அவர்களைப் போன்றோருக்குத் தொழிற்சங்க அலுவலகங்களின் அரங்குகள் திறக்கப்பட வேண்டும். தில்லி ஷாதி காம்பூரில் ஜன நாட்டிய மஞ்ச் தோழர்கள் 2012இல் திறந்த ‘ஸ்டூடியோ சஃப்தர்’, சொந்த இடம் என்பது எத்தகைய வலிமை என்பதைக் காட்டுகிறது. மாவட்டந்தோறும் இருக்கும் சங்கக் கட்டடங்களில் மாதம் ஓர் இரவு ஒலிவாங்கியை இளைஞர்களுக்குக் கொடுப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. அவர்கள் அங்கே கட்சியையும் கேலி செய்யக்கூடும். அதைக் கேட்கும் பொறுமை வேண்டும்.

மூன்றாவது, விமர்சனம். இக்கலையில் பெண்களையும் தலித்துகளையும் உழைப்பாளிகளையும் இழிவுபடுத்திச் சிரிப்பு வாங்குவோர் உண்டு. 2025 பிப்ரவரியில் இணைய நிகழ்ச்சி ஒன்றின் அருவருப்பான பேச்சை ஒட்டி நாடெங்கும் வழக்குகள் பதிவாயின. அத்தகைய பேச்சைக் கடுமையாக விமர்சிப்பது இடதுசாரிகளின் கடமை. போலீசைக் கூப்பிடுவது அவர்களின் வேலை அன்று. இன்று ஆபாசத்தின் பெயரால் கூர்தீட்டப்படும் கத்தி நாளை நையாண்டியின் கழுத்துக்கு வரும். சிவாஜி சிலையைப் பற்றிய கேலிக்காக 2020இல் அக்ரிமா ஜோஷுவாவுக்குப் பாலியல் வன்முறை மிரட்டல்கள் குவிந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெண் சிரிக்க வைத்தால் தண்டனை இருமடங்காகிறது.

நான்காவது, கூட்டுறவு. பத்து எழுத்தாளர்கள் சேர்ந்து மெய்ப்புத் திருத்தம், அட்டை, அச்சு, விற்பனை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள முடியும். கிண்டிலின் பிரத்தியேக ஒப்பந்தத்துக்குள் சிக்காமல், நூலகங்களுக்கும் சங்கக் கிளைகளுக்கும் நேரடியாக விற்க முடியும். லட்சக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட தொழிற்சங்க, விவசாயிகள் சங்க, மாதர் சங்கக் கிளைகள் தாமே ஒரு வாசகர் பட்டியல் அல்லவா? எந்தச் செயலி நிறுவனமும் விலைக்கு வாங்க முடியாத பட்டியல் அது.

எழுத விரும்பும் இளைஞரிடம், மேடையேற விரும்பும் இளைஞியிடம் சொல்லவேண்டிய மூன்றாவது பதில் இதுவே: நீங்கள் செய்வது வேலை. அதற்குக் கூலி உண்டு, கூலிக்குப் பேரம் உண்டு, பேரத்துக்குச் சங்கம் உண்டு. தனித்து நின்று பேசுங்கள். அக்கலைக்கு அது அழகு. ஆனால் மேடையை விட்டு இறங்கியபின் தனித்து நிற்காதீர்கள்.